மட்டக்களப்பிலிருந்து பழைய நகரங்களும் மலைநாடும்: ஏழு நாள் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றபின், வருஷத்துக்கு மூன்று நாலு தடவை ஒரு வான் வண்டியில் பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு பொலன்னறுவை, சீகிரியா, அநுராதபுரம், கண்டி, நுவரெலியா, பதுளை என்று ஒரு சுற்றுப் போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் புறப்பட முன் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. தொலைபேசியில் அவசரமாகச் சொல்லும் பதில் பாதியில் நின்றுவிடுகிறது, அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

ஏழு நாள் கூடிப்போச்சே, மூன்று நாளில் முடிக்க ஏலாதா?

ஏலும். பஸ் ஒன்றில் அம்பது பேரை ஏற்றி, விடியற்காலை பொலன்னறுவை, மத்தியானம் சீகிரியா, இரவு கண்டி என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். பொலன்னறுவையில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம், அதுவும் உச்சி வெயிலில். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கிற கல்லில் நடந்த ஒரு வயதான அம்மாவுக்கு உள்ளங்கால் கொப்பளித்து, மிச்சப் பயணம் முழுக்க அவர் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. திரும்பி வந்து கேட்டால் ஒருவருக்கும் எந்த இடத்தில் எதைப் பார்த்தோம் என்று ஞாபகம் இல்லை, படம் மட்டும் இருந்தது. அன்றைக்கு முடிவு எடுத்தேன், போனால் மெதுவாகத்தான் போவது என்று. ஏழு நாள் ஒதுக்க முடியாவிட்டால் பொலன்னறுவைக்கு மட்டும் ஒரு நாள் போய் வாருங்கள், அதுவே நல்லது.

பழைய நகரங்களையும் மலையையும் ஏன் ஒரே பயணத்தில் சேர்க்கிறீர்கள்?

இரண்டையும் ஒரே தண்ணீர் இணைக்கிறது, அதனால்தான்.

முதல் நாள் காலை வாழைச்சேனை, வெலிக்கந்தை தாண்டி மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கிறோம். அங்கே ரயிலும் வாகனமும் ஒன்றாகப் போன பழைய இரும்புப் பாலத்தைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள், ரயில் வந்தால் வாகனம் காத்து நிற்கும். அந்த ஆற்றைத்தான் கண்டியில் திரும்பவும் காண்கிறோம். அதன் தலைமடைகள் சிலவற்றில் ஆறாம் நாள் ஹோட்டன் சமவெளியில் கால் நனைக்கிறோம். பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரம் என்கிற பெரிய குளத்துக்குத் தண்ணீர் அம்பன் கங்கையிலிருந்து அங்கமடில்ல அணை வழியாக வருகிறது, அம்பன் கங்கை மகாவலியின் கிளை. 1976இல் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள்ளே சுரங்கம் வெட்டி, அந்தத் தண்ணீரை உக்குவளைக்குக் கொண்டுவந்து அம்பன் கங்கைப் பக்கம் திருப்பினார்கள். ஆக மலையில் மழை பெய்யாவிட்டால் வறண்ட சமவெளியில் நகரமும் இல்லை, வயலும் இல்லை. குளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இது விளங்காது, மலையையும் பார்க்கவேண்டும்.

பொலன்னறுவையில் முழு நாளும் என்ன பார்ப்பது?

என்னைக் கேட்டால் ஒரு நாளும் காணாது. மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர்தான், அதிகாலை வெளிக்கிட்டால் வெயில் ஏறமுன் போய்விடலாம்.

நான் எப்போதும் முதலில் கூட்டிப்போவது இரண்டாம் சிவ தேவாலயத்துக்கு. வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அதன் பழைய பெயர். செங்கல் இல்லாமல் முழுக்கக் கல்லால் சோழர் கட்டியது, சின்னக் கோவில், ஆனால் விமானம் வரை நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. உள்ளே லிங்கம் இருக்கிறது, போகிறவர்கள் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். 993இல் ராஜராஜ சோழனின் படை அநுராதபுரத்தை வீழ்த்தியபின் தலைநகரை இங்கே மாற்றி ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1017இல் அநுராதபுரத்தின் கடைசி அரசன் ஐந்தாம் மகிந்தன் ராஜேந்திர சோழனிடம் பிடிபட்டான். 1070இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான், ஆனால் தலைநகரை மாற்றவில்லை, அவர்கள் தெரிந்தெடுத்த இடத்திலேயே இருந்து ஆண்டான்.

அப்புறம் புனித நாற்புறம். அங்கே வட்டதாகே என்கிற வட்டமான கட்டடத்தைப் பார்க்க எல்லோரும் ஓடுவார்கள், ஓடட்டும், அது அழகுதான். அட்டதாகே என்கிற பழைய தாதுக்கோவிலுக்குப் பக்கத்தில் நிற்கிற வேளைக்காரர் கல்வெட்டை மட்டும் தாண்டிப் போகவிடமாட்டேன். தமிழில் பொறித்தது. புத்தரின் தந்ததாதுவை, அதாவது பல்லை, வைத்திருந்த கோவிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று தமிழ் படைவீரர்கள் ஏற்றுக்கொண்டு எழுதி வைத்தது. எழுத்துக் கூட்டி இரண்டு சொல் வாசித்துக் காட்டியவுடன் பிள்ளைகளின் முகம் மாறும், அதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

அதே முற்றத்தில் கல்பொத்த கிடக்கிறது, எட்டு மீற்றருக்கு மேல் நீளமான ஒற்றைக் கல். பொலன்னறுவையை ஆண்ட நிசங்கமல்லன் தன் பெருமையை எழுதி, இந்தக் கல் மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும் அதிலேயே சொல்லி வைத்தான்.

கல் விகாரையைப் பின்நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாறையில் நாலு சிலைகள். படுத்திருக்கும் புத்தர் 14 மீற்றர், பக்கத்தில் கையைக் கட்டி நிற்கிற உருவம் 7 மீற்றருக்குக் கிட்ட. நிற்பது புத்தரா அல்லது அவருடைய சீடர் ஆனந்தரா என்று அறிஞர்கள் இன்னும் தர்க்கம் பண்ணுகிறார்கள். தலையணையில் தலை அழுந்தின குழிவைப் பாருங்கள், கல்லைப் பஞ்சுபோல் காட்டியிருக்கிறான் அந்தச் சிற்பி.

இதெல்லாம் சிங்களவர்களுடைய வரலாறு, நமக்கு என்ன?

இதைக் கேட்கிறவர்கள் கோபத்தில் கேட்பதில்லை, கூச்சத்தில் கேட்கிறார்கள். கிழக்கில் பழைய கல் ஒன்று கிடைத்தாலே அது யாருடையது என்ற சண்டையைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அநுராதபுரத்தில் அபயகிரிக்குக் கிட்ட ஒரு பாறைமேடை இருக்கிறது. அதில் கிறிஸ்துவுக்கு முந்தின பிராமி எழுத்தில், பிராகிருதத்தில், இது தமிழ் இல்லத்தார் கட்டிய மேடை என்று வெட்டியிருக்கிறது. அதில் இருக்கைக்குரியவர்களில் ஒருவர் கப்பலோட்டி. தமிழ் அரசன் எல்லாளன் 44 வருஷம் ஆண்டான், நீதியாக ஆண்டான் என்று எழுதி வைத்தது மகாவம்சம் என்கிற பழைய பாளி வரலாற்று நூல். அவனைக் கொன்ற துட்டகைமுனுவே அவனுக்குச் சமாதி எழுப்பி, அந்த வழியால் போகிற அரசர்கள் வாத்தியத்தை நிறுத்தவேண்டும் என்று விதித்தான் என்பதும் அதே நூலில்தான் வருகிறது. ஜேதவனராமய தூபிக்கு முன்னால் நின்று, ஒரு காலத்தில் இது 122 மீற்றர் உயரம், அன்றைய உலகில் எகிப்தின் இரண்டு பிரமிட்டுகள் மட்டுமே இதைவிட உயரம் என்று கேட்கும்போது அந்த வியப்பில் யாருக்கும் இனம் இல்லை.

என் நிலைப்பாடு இதுதான்: தமிழர் இருந்தார்கள் என்பதைக் காட்டுவதற்காக மட்டும் நான் ஒருவரையும் அங்கே கூட்டிப்போவதில்லை, இருந்தார்கள் என்பதை மறைத்துக்கொண்டு கூட்டிப்போவதும் இல்லை. கல்லில் உள்ளதை உள்ளபடி தமிழில் சொல்கிறேன். அங்கே அறிவிப்புப் பலகைகளில் சொல்லியிருப்பது சில வரிகள்தான், மிச்சத்தை யாராவது பக்கத்தில் நின்று நம் மொழியில் சொல்லவேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சீகிரியா ஏறலாமா?

அது ஒரு பெரிய பாறைக்கோட்டை, சுமார் 1200 படி. உச்சி, சுற்றியிருக்கும் நிலத்திலிருந்து 180 மீற்றருக்கு மேல். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயுள்ள நீர்த்தோட்டத்தோடு நிற்பதே நல்லது, அது ஒன்றும் குறைந்த காட்சி கிடையாது. 1500 வருஷத்துக்கு முன் காசியப்பன் (477 முதல் 495 வரை ஆண்டவன்) அமைத்த நீரூற்றுகள் நல்ல மழை பெய்தால் இன்றைக்கும் பீறிடும். ஏற விரும்புகிறவர்கள் சிங்கப்பாதம் வரை ஏறி அங்கே இருந்து யோசிக்கலாம், அதற்கு மேலே இரும்புப்படி, தலைசுற்று உள்ளவர்களுக்குச் சரிவராது. வாசல் திறக்கிற நேரத்துக்கே நிற்கவேண்டும். பாறையில் குளவிக்கூடுகள் இருக்கின்றன, சத்தம் போடவேண்டாம் என்று எழுதியிருந்தால் அதை உண்மையாகவே எடுங்கள்.

பாறையில் தீட்டிய பழைய ஓவியங்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை. 1967இல் யாரோ அவற்றின்மேல் பச்சை வர்ணத்தைப் பூசி நாசப்படுத்தினார்கள், திருத்தியெடுக்க நிறையப் பாடுபட்டார்கள். கண்ணாடிச் சுவர் என்கிற மினுக்கிய பழைய சுவரில் நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் கவிதை எழுதினார்கள்தானே, நாங்கள் எழுதினால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். சில வருஷங்களுக்கு முன் அந்தச் சுவரில் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்குச் சிறைத்தண்டனை கிடைத்து, பிறகு ஜனாதிபதியின் மன்னிப்பில்தான் வெளியே வந்தார். பெற்றோரே, வானில் வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஊசி, பேனை ஒன்றும் கையில் வேண்டாம்.

லண்டனிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. அவர்களுக்கும் அதே டிக்கெட்டா?

இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர்களுக்குப் பெரிய இடங்களில் டொலர் கணக்கில் கட்டணம், உள்ளூர்க் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. ஒரு குடும்பத்துக்கு நாலு இடத்துக்கு என்று கூட்டிப் பார்த்தால் பயணச் செலவில் பெரிய பங்கு அதற்கே போகும், முன்பே சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்து முகம் சுருங்கவேண்டாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுவரவேண்டும். மற்ற எல்லோரும் அப்படித்தான்.

என்ன உடுப்பு?

தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும், வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. தூபிக்கும் சிலைக்கும் கிட்டப் போகும்போது செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்றவேண்டும். தடித்த காலுறை ஒரு சோடி கொண்டுவாருங்கள், மேலே சொன்ன அம்மாவின் கால் எனக்கு மறக்காது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கவேண்டாம், நம் கோவில் மூலஸ்தானத்தில் யாரும் அப்படி நின்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

சாப்பாடு?

முதல் நாள் கட்டுச்சாப்பாடு, வீட்டிலிருந்து. பராக்கிரம சமுத்திரக் கட்டில் மர நிழலில் இருந்து சாப்பிடுவோம், குரங்கு வரும், கவனம். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனையிலிருந்து வருகிறவர்கள் ஹலால் பற்றிக் கேட்பார்கள்: கதுறுவெலவிலும் கண்டியிலும் முஸ்லிம் கடைகள் இருக்கின்றன, தொழுகைக்கும் நேரம் ஒதுக்கித்தான் போகிறோம். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முதலே சொல்லுங்கள்.

தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு நேரே போகிறீர்களா?

இல்லை, நாலந்தா கெடிகே என்கிற பழைய கற்கோவிலில் நிற்போம். தம்புள்ளைக் குகைகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், இது பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பார்வைக்கு மாமல்லபுரத்துக் கோவில்போல் இருக்கும், பல்லவக் கட்டடக்கலை, ஆனால் பௌத்த வழிபாட்டிடம். நீர்த்தேக்கம் வந்தபோது கல்கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். அரை மணித்தியாலம் போதும்.

கண்டியில் தந்ததாது இருக்கிற தலதா மாளிகை தவிர வேறென்ன?

மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம். பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகி அம்மன்தான். வைகாசியில் குளிர்த்தி பாடுகிற ஊர்க்காரர் நாங்கள், அந்தத் தெய்வத்தை அவர்கள் சிங்களத்தில் கும்பிடுவதைப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும். போன தடவை எங்களோடு வந்த ஒரு பாட்டி வாசலில் நின்று மெல்லக் குளிர்த்திப் பாட்டைச் சொல்ல, பூ விற்கிற பெண் கும்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்க வம்சம். குளம் அவன் வெட்டியது. 1815இல் பிரித்தானியர் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள், 1832இல் அங்கேயே இறந்தான்.

மலையில் குளிர் எவ்வளவு? நாங்கள் கடற்கரை ஆட்கள்.

நுவரெலியா நகரமே 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேல், தை மாசியில் விடியற்காலை புல்லில் உறைபனிகூடப் படியும். சுவெட்டர், காதை மூடத் தொப்பி, சப்பாத்து. செருப்போடு வந்தால் நான் நடக்க விடமாட்டேன். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவு. உலக முடிவு என்கிற விளிம்பில் நிலம் ஏறக்குறைய 870 மீற்றர் கீழே விழுகிறது, ஆனால் காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு மூடுபனி வந்து ஒன்றும் தெரியாமல் போய்விடும், அதனால் இருட்டோடு எழும்பவேண்டும். பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். மரைகள் கிட்ட வரும், உணவு கொடுக்கவேண்டாம்.

தேயிலைத் தோட்டத்தில் படம் எடுக்கலாமா?

தோட்டத்தை எடுங்கள். கொழுந்து பறிக்கிறவர்களை எடுப்பதற்கு முன் கேளுங்கள், நீங்கள் தமிழில் கேட்கலாம், அவர்கள் தமிழில் பதில் சொல்வார்கள், வேறு நாட்டுப் பயணிகளுக்கு இல்லாத வசதி அது.

இந்த இடத்தில் நான் வானை நிறுத்திக் கொஞ்சம் பேசுவேன். மலைகள் முதலில் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது, சில ஆண்டுகளில் அந்தத் தொழிலே அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. வேலைக்கு ஆட்களைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளை நாடற்றவர் ஆக்கியது. நாங்கள் வானில் ஏறிவந்து "என்ன அழகு" என்று சொல்கிற பச்சை அத்தனையும் அவர்களின் உழைப்பு. லயன் என்கிற வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருக்கிற அறைகளுக்குள் எட்டிப்பார்த்துப் படம் எடுக்கிறவர்களோடு எனக்கு இரண்டு முறை சண்டை வந்திருக்கிறது, இனியும் வரும்.

ரயில் எங்கே ஏறுகிறோம்? எல்லவில் இறங்குகிறோமா?

நானுஓயாவில் ஏறுகிறோம், பதுளையில் இறங்குகிறோம். நிறையப் பேர் எல்லவோடு இறங்கிவிடுகிறார்கள், ஆனால் ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில்தான் இருக்கிறது, அதுக்கு அங்கால் தெமோதரையில் பாதை வளைந்து சுற்றி நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தால் போகிறது. அதைப் பார்க்காமல் இறங்கினால் பெரிய நட்டம். பட்டிப்பொல நாட்டிலேயே உயரமான நிலையம், அதைத் தாண்டிச் சுரங்கத்தால் வெளியே வந்தால் ஊவாப் பக்கம், இந்தப் பக்கம் மழையென்றால் அங்கே வெயிலாக இருக்கும். கதவில் தொங்குவதற்கு என்னோடு வரவேண்டாம். இருக்கைகளை முன்கூட்டியே பதிவு செய்வேன், அதனால்தான் பெயரைக் கடைசி நேரத்தில் தரவேண்டாம் என்று கெஞ்சுகிறேன். பெருமழையில் மண் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள், அப்படி நடந்தால் வானில்தான்.

எந்த மாதம் நல்லது?

மாசி, பங்குனி. மாரி நம் பக்கம் ஓய்ந்திருக்கும், மலையும் தெளிவாக இருக்கும். கார்த்திகை மார்கழி வேண்டவே வேண்டாம். சித்திரை விடுமுறையில் நுவரெலியாவில் கால் வைக்க இடமில்லை, ஜூன் மாதப் பௌர்ணமியான பொசன் போயாவுக்கு அநுராதபுரத்திலும் அப்படித்தான்.

அம்பாறையிலும் பழைய இடங்கள் இருக்கிறதே, ஏன் சேர்க்கவில்லை?

அவற்றுக்குத் தனியாக ஒரு நாள். தீகவாபித் தூபி, பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த மகிந்த தேரரைக் குறிப்பிடும் பிராமிக் கல்வெட்டு உள்ள ராஜகல, லகுகலையில் மகுல் மகா விகாரை, அப்படியே உகந்தை முருகன் வரை. காலையில் போய் இரவு திரும்பலாம்.

கடைசி நாள் எந்த வழியாக வருகிறோம்?

பதுளை வீதி. செங்கலடிச் சந்தியில் நின்று அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறோம், அதன் மறுமுனையைப் பார்த்தவர்கள் குறைவு. பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மகாஓயா என்று இறங்கி வரும், மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகி வயலாக மாறுவதை யன்னலால் பார்த்துக்கொண்டே வரலாம். மகாஓயா வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, கையை மெதுவாக வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், ஏழு நாள் நடந்த காலுக்கு அது மருந்து. துவாய் ஒன்று மேல் பையில் வைத்திருங்கள், அடியில் வைத்துவிட்டு அங்கே வந்து தேடவேண்டாம். அங்கிருந்து மூன்று மணிக்கு வெளிக்கிடுவோம், பிந்தினால் வீதியில் யானை இறங்கும். பொழுது படமுன் செங்கலடி.